மொட்டையடித்த டேப்பெட் கவர்

லாரி இன்ஜினின் தலையை மூடும் டேப்பெட் கவர் விரிசல் விட்டிருந்தது. பழங்காநத்தம் பட்டறையில் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். கிரைண்டரில் அலுமினியம் தேயும் வாடை, ஊர் ஊராகச் சுற்றும் என்னைப் பரவையில் இருந்த அப்பாவின் பட்டறைக்கே கொண்டுபோனது.

நான் சிறுவனாக இருந்தபோது ஒருவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படியொரு கவரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தார். உயரம் கூடுதல், பானெட் மூடவில்லை. அப்பா அதை அறுத்து, உயரம் குறைத்து, ஒட்டுத் தெரியாமல் பற்றவைத்தார். கண்ணாடி போலத் தேய்த்து, ராசிக்காக ஓரத்தில் சந்தனமும் பூசினார். பானெட் கச்சிதமாக மூடியது. தெருவே கூடி நின்று பார்த்தது.

கார்க்காரர் பானெட்டைத் திறந்து கவரைத் தடவினார். "மேல இருந்த கம்பெனி எழுத்து எங்கண்ணே?"

"சொரசொரன்னு இருந்துச்சு சார், வழிச்சு விட்டுட்டேன். அதுக்குத் தனியாக் காசு வேணாம்."

"அந்த எழுத்துக்காகத்தானண்ணே இதை இம்புட்டு நாளாத் தேடுனேன்!"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "மொட்டை போட்டுச் சந்தனமும் பூசிட்டியே மாப்ள!"

குனிந்த அப்பாவின் முகம் அந்தப் பளபளப்பில் தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார். எண்ணெய்த் துணியை எடுத்துக் கவரின் மேல் போட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"அண்ணே, உங்க கவரையும் பளபளன்னு தேச்சிரவா?" என்று பழங்காநத்தம் பட்டறைக்காரர் ஆசையாகக் கேட்டார்.

"வேணாம்ணே, இருக்கபடியே இருக்கட்டும்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.