படிகளில் விழுந்த கம்பி நிழல்

செய்தி வந்தபோது ருக்மணி அம்மையார் வரைந்த படத்தைத்தான் நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு மாடிப்படிக்கான இரும்புக் கிராதியும், அதையொட்டித் தொங்கவேண்டிய பித்தளை விளக்கும். விளக்குத் தண்டின் நீளத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அதைச் சிவப்பு மையால் வட்டமிடுகையில் பட்டறையிலிருந்து வெல்டர் மஞ்சு அழைத்தார். "ருக்மணி அம்மா பேசிட்டேதான் இருந்தாங்க சார். நெஞ்சைப் பிடிச்சாங்க. ஆஸ்பத்திரி கேட்டுகூடத் தாண்டல. அஷ்டே சார், அவ்ளோதான்" என்றார். வட்டத்தை முழுமையாக மூடிய பிறகே எழுந்தேன். அந்தச் சில விநாடிகள் அன்றிலிருந்து என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. இதை எழுதத் தொடங்கியும் நான்கு முறை எழுந்துவிட்டேன்.

ஹெப்பாளில் எங்கள் பட்டறைக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கௌதள்ளியில் பிறந்தவர். வாயிற்கதவு, சன்னல் கிராதி, தொங்கும் விளக்கு என வீட்டுக்கு வீடு வேறாக வடிவமைத்தவர். பதினான்கு ஆண்டுகள் அவர் வரைந்தார், நான் சரிபார்த்தேன். கதவில் மயில் கேட்டு வந்த ஒருவரிடம், "கேட்டுல மயிலு வெச்சா, வர்றவங்க உங்களை விசாரிக்க மாட்டாங்க, மயிலைத்தான் விசாரிப்பாங்க. பரவால்லீங்களா?" என்று கேட்டார். வந்தவர் யோசித்து, வெறும் கம்பிக் கதவோடு போனார்.

எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று இருந்தது. காலிக் கட்டத்தோடு எந்தப் படமும் பட்டறைக்குள் போகக் கூடாது என்பது என் விதி. விளக்குத் தண்டின் நீளத்தை மட்டும் அவர் தாளில் முடிவுசெய்ய மாட்டார். கிராதியைப் பொருத்திய பிறகு, கயிற்றில் ஒரு பல்பைக் கட்டி, பொழுது சாயும் வேளையில் அந்த வீட்டுப் படிக்கட்டருகே ஏற்றி இறக்குவார். வீட்டார் ஏறி இறங்கியபடி இருக்க வேண்டும். எவரும் குனிந்து படியைத் தேடாத உயரம் வந்ததும் கயிற்றில் ஒரு முடிச்சு. அதுதான் அளவு. நான் மறுத்தால், "ஏனுங் சார், உங்க ஸ்கேலு படி ஏறுமா?" என்பார்.

ஒருமுறை உறவினர் திருமணத்துக்கு அவர் ஊருக்குப் போயிருந்தார். வேலை நின்றுவிடக் கூடாது என்று, ஒரு வீட்டுப் படத்தின் அந்தக் கட்டத்தில் ஆறரை அடி என்று நானே எழுதி அனுப்பினேன். தண்டு அவ்வளவு நீளமிருந்தால் விளக்கு கைக்கெட்டும், பல்பு மாற்ற ஏணி தேவைப்படாது. கணக்கில் பிழையில்லை. ஆனால் விளக்கு தாழ்ந்ததால் கிராதிக் கம்பிகளின் நிழல் படிகளின் குறுக்கே கோடு கோடாக விழுந்தது. ஒவ்வொரு கோடும் ஒரு படியின் விளிம்பு போலத் தெரிந்தது. வீட்டுக்காரர் நிழலை நம்பிக் கால் வைத்து விழுந்தார்.

மணிக்கட்டில் கட்டோடு பட்டறைக்கு வந்து, "யாரும்மா இந்த அளவு போட்டது? நான் லைட்டு கேட்டனா, கண்ணி கேட்டனா?" என்று இரைந்தார். நான் வாய் திறக்குமுன் ருக்மணி, "என் படந்தானுங்க. கழட்டி, தண்டைக் குறைச்சு மாட்டித் தர்றனுங்க" என்றார். வீட்டுக்காரர் போன பிறகு ஏன் என்று கேட்டேன். "நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னா ஒரு மாசம் தூங்க மாட்டீங்க. எனக்கு எட்டரைக்கே கண்ணு சொக்கிரும்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "கட்டம் காலியா இருந்தா நான் இன்னும் அந்த வீட்டுக்குப் போகலைன்னு அர்த்தம். அதை நீங்க ரொப்பாதீங்க சார்."

நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. இரங்கல் கூட்டத்தில் மின்பணியாளர் ஒருவர், "அக்கா செஞ்சதுல தப்புன்னா அந்தப் படிக்கட்டு லைட்டு ஒண்ணுதாம்ப்பா" என்றார். எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். அங்கே சிரித்த அனைவருக்கும் இப்போது எழுத்தில் சொல்கிறேன்: அந்த ஆறரை அடி என்னுடையது. அவருடைய வேலையில் அப்படியொரு பிழை இல்லை. வீட்டுக்காரரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். "அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலியே!" என்றார். ஆம், சொல்லவில்லை.

கடைசிப் படத்தின் கட்டம் காலியாகவே இருந்தது. கிராதி பொருத்தி முடிந்ததும், அவருடைய மேசையிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பல்பைக் கட்டி ஏற்றினேன். "எத்தனை தடவை சார் இறங்கணும்?" என்றார் வீட்டம்மாள். "தெரியலைங்க" என்றேன். ஒரு வேலையிடத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் முறை. கயிற்றை ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். ஏழாவது முறை அவர் சமையலறையிலிருந்த மகளைத் திட்டிக்கொண்டே இறங்கினார். கீழே பார்க்கவில்லை. நான் முடிச்சுப் போட்டேன்.

அந்தக் கயிறு என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள முடிச்சுகள் எல்லாம் அவருடையவை, கடைசி ஒன்றைத் தவிர. விளக்கு தொங்கத் தொடங்கிய பிறகு இரண்டு முறை போய் அந்தப் படிகளில் ஏறி இறங்கிவிட்டேன். வீட்டம்மாள், "இன்னுமா சார்?" என்கிறார். வெள்ளிக்கிழமை மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.