ஊதாவாக மாறாத உப்பு

எங்கள் உறவில் நாள் கணக்கெல்லாம் எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. யாருக்கு எந்தத் தையில் கல்யாணம், எந்தப் புயலில் எந்தப் பனைமரம் சாய்ந்தது என்று என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் அத்தையின் கழுத்து வீங்கத் தொடங்கிய நாளை மட்டும் என்னால் சொல்ல முடியாது. சுனாமி வந்ததற்கு மறு வருஷம், நான் ஆறாம் வகுப்பு, மரக்காணம் உப்பளத்தில் அந்தப் பருவத்தின் கடைசி உப்பை வாரி முடித்திருந்தார்கள். உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்புப் பாத்திகள் வீட்டிலிருந்து நல்ல தூரம். மதியம் அத்தை வரப்பின் முனையில் நின்று “ணோவ்! சோறு!” என்று ஒரு குரல் கொடுப்பாள். அப்பா மட்டுமல்ல, பக்கத்துப் பாத்திக்காரர்களும் வேலையை நிறுத்துவார்கள். அந்தக் குரல்தான் முதலில் போனது. தொண்டைக்குள் மணலைப் போட்டு அரைத்ததுபோல் கரகரத்தது. பிறகு பகலெல்லாம் தூக்கம். ஊரே விசிறிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் குளிருகிறது என்று போர்வை தேடினாள். உடம்பு பெருத்தது. கழுத்தின் முன்பக்கம் ஒரு மேடு தெரிந்தது.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. சோறுதான் காரணம். காலையில் டிவியில் ஒரு வைத்தியர் வந்து, வெள்ளைச் சோற்றைக் குறை, கேழ்வரகைக் கூட்டு, நட என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொதுவாகச் சொன்னதையெல்லாம் அம்மா அத்தைக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் அத்தையை உப்பள வரப்பில் நடக்க விடுவாள்.

“கால் நவுர மாட்டேங்குது அண்ணி.”

“நடந்தா நவுரும். பொண்ணு பாக்க வர்றவன் கழுத்தையா பாக்கப் போறான்? உடம்பத்தான் பாப்பான். நட!”

அத்தை நடந்தாள். நடக்க நடக்க மெலியாமல், இன்னும் களைத்துப்போனாள். டிவி வைத்தியர் சொன்னது ஏன் எங்கள் வீட்டில் மட்டும் தலைகீழாக நடக்கிறது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. என் குழப்பங்களில் அது சிறியது.

மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, அறிவியல் டீச்சர் எல்லோரையும் வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு பொட்டலத்தையும் மேசையில் பிரித்து வைத்து, சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். கண்டக்டர் மகள் கொண்டுவந்த உப்பு ஊதாவானது. தாலுகா ஆபீஸ் கிளார்க் மகனின் உப்பும் ஊதாவானது. என்னுடையது வெறுமனே நனைந்து, வெள்ளையாகவே கிடந்தது. உப்பளத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த எதுவுமே நிறம் மாறவில்லை.

கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதற்கு அயோடின் என்ற ஒன்று வேண்டும், கிடைக்காவிட்டால் அது வீங்கும் என்றார் டீச்சர். கடல் மீனில் அயோடின் இருக்கிறதாம். கடல் தண்ணீரிலும் கொஞ்சம் இருக்கிறதாம். பாத்தியில் விளையும் உப்பில் மட்டும் தேவையான அளவு இருக்காதாம். அதனால் தனியாகக் கலந்து பாக்கெட்டில் விற்கிறார்களாம். அந்த உப்புதான் ஊதாவாகுமாம். கடலில் இருந்தது, மீனிலும் இருந்தது, அந்தத் தண்ணீர் எங்கள் பாத்திக்கு வந்ததும் எங்கே இறங்கிப் போனது? நாங்கள்தான் மீனும் தின்கிறோமே, பிறகு அத்தைக்கு மட்டும் ஏன்? நான் கை தூக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. “வீட்டுல யாருக்காவது கழுத்து வீங்கியிருந்தா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்லுங்க” என்று மட்டும் வாசலில் நின்று சொன்னார்.

அன்று மாலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வீட்டில் கொட்டினேன். ஆஸ்பத்திரி என்ற சொல் யார் காதிலும் விழவில்லை. பாக்கெட் உப்பு என்றதும் அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“உப்பளத்துக்காரன் கடையில போயி உப்பு கேட்டா ஊரு கைகொட்டிச் சிரிக்கும். பாத்தி கோவிச்சுக்கும். அடுத்த வருஷம் உப்பு எறங்காது, தெரியுமா? உங்க டீச்சருக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

பாத்தி கோபித்துக்கொள்ளும் என்பதை எங்கள் பக்கம் யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. அத்தை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மழை வந்தது. பாத்திகள் முழுகின. வேலை இல்லாத அந்த மாதங்களில் அப்பா வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறித் திண்டிவனம் போகத் தொடங்கினார். போனால் அந்திக்குத்தான் வருவார், அக்குளில் இடுக்கிய ஒரு துணிப்பையோடு. யாரிடமும் பேசாமல் நேராகப் பின்கட்டுக்குப் போவார். மறைத்து எடுத்துவரும் பை என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

“ஊதுங்க” என்றாள் அம்மா.

“இன்னாடி இது, புள்ள முன்னாடி.”

“ஊதுங்கன்னேன்!”

அப்பா ஊதினார். அம்மா முகர்ந்தாள். டீயும் பீடியும்தான் மணத்தன. “அப்ப திண்டிவனத்துல இன்னா வேலை?”

“ஒரு ஆளப் பாக்கப் போனேன்.”

இந்தச் சோதனை தீபாவளிக்குப் பிறகும் நடந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ஊதச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அந்த வாரம் அவள் குழம்புக்கு உப்பு அள்ளும்போது கையை விரித்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் உப்பு ஈரமாகக் கையில் ஒட்டும். அன்று ஒட்டவில்லை போலும்.

தை பிறந்ததும் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “ஏம்மா, பொண்ணு வாயே தெறக்கல?” என்று சிரித்தாள். அத்தை “நல்லா இருக்கீங்களா?” என்றாள். அந்தக் குரலைக் கேட்டு அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அப்பா வாசலில் வெகுநேரம் நின்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தையைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ரத்தம் எடுத்துப் பார்த்து ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பொட்டுக்கடலையைவிடச் சின்னது. விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், விடாமல் போட வேண்டும். “அவளுக்கு உப்பால வந்தது இல்லியாம்” என்றார் அப்பா. “அந்தச் சுரப்பியே சோந்து போச்சாம். சோறும் இல்ல, உப்பும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்லியாம்.” கடைசிச் சொல்லை அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அத்தையை யாரும் நடக்க விரட்டவில்லை.

உப்பால் வரவில்லை என்றால் விஷயம் முடிந்ததுதானே? ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்பா திண்டிவனம் போனார்.

எனக்குத் தலை சுற்றியது. அம்மா அன்று உப்பைக் கையில் விரித்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. டீச்சரின் புட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எங்கள் பானையிலிருந்து மறுபடி ஒரு சிட்டிகை கொண்டுபோய்க் கொடுத்தேன். சொட்டு விழுந்ததும் சில கற்கள் ஊதாவாயின, சில வெள்ளையாகவே இருந்தன.

“ரெண்டு வூட்டு உப்பக் கலந்து எடுத்துக்கினு வந்தியா?” என்றார் டீச்சர்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பின்கட்டுக் கதவின் இடுக்கில் பார்த்தேன். அப்பா துணிப்பையிலிருந்து ஒரு கல் உப்புப் பாக்கெட்டை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, எங்கள் உப்புப் பானையில் கொட்டிக் கையால் கிளறினார். உறையை அடுப்பில் திணித்தார். அப்போது அம்மா உள்ளே வரப் போனவள், அவர் முதுகைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினாள். சற்றுத் தள்ளிப் போய் வேண்டுமென்றே இருமினாள். அப்பா பானையை மூடினார். இரவுச் சாப்பாட்டில், “நம்ம உப்பு ருசி எவனுக்கு வரும்?” என்றார் அப்பா. “ஆமாங்க” என்றாள் அம்மா. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அத்தை என் தொடையைக் கிள்ளினாள்.

மாசியில் பாத்திகளை மிதித்துத் தண்ணீர் கட்டினார்கள். உப்பு இறங்கியது, பாத்தி கோபித்துக்கொள்ளவில்லை. முதல் உப்பை அப்பா கையிலேந்தி வந்து விளக்கின் முன் வைத்தார். வழக்கமாக அது நேராகப் பானைக்குத்தான் போகும். அந்த வருஷம் அம்மா அதைக் கருவாடு போடும் மண் சாலில் கொட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவிடம் ஓடிப்போய் முறையிட்டேன். அவர் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“கருவாட்டுக்கும் உப்பு வேணும் இல்ல பாப்பா?” என்று சொல்லிவிட்டு உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம். நானும் அத்தையும் சோற்றுத் தூக்கோடு வரப்பு முனைக்குப் போனோம். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

“ணோவ்! சோறு!”

பழையபடி பக்கத்துப் பாத்திக்காரர்கள் எல்லோரும் நிமிர்ந்து திரும்பினார்கள். அப்பா மட்டும் கணுக்காலளவு வெள்ளையில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, பலகையை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார். அத்தை இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அப்போதும் அவர் திரும்பவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான் மெல்ல நடந்து வந்தார். வரும் வழியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று எனக்குப் பயமாகிவிட்டது. காதுக்கும் அயோடினுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று திங்கட்கிழமை டீச்சரிடம் கேட்க வேண்டும் என முடிவு செய்துகொண்டேன்.