தண்டோரா போட்டாச்சு

காலையில கும்மிடிப்பூண்டியில கம்பெனி கேட் கிட்ட பைக்கை நிறுத்தறேன், போர்டுல புதுசா ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. நைட் ஷிப்ட் பஸ் நிறுத்தப்படுவதாக இதனால் அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது. மீஞ்சூர்க்காரன் எப்படி ஊடு போய்ச் சேருவான்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆபீஸ் பையன்கிட்ட கேட்டா, "அதான் அறிவிச்சாச்சே சார்"ங்கிறான். வந்த ஆத்திரத்துல கையிலிருந்த டீயைக் கீழே கொட்டிட்டேன். டீ என்ன பண்ணுச்சு, பாவம்.

அறிவிக்கிறதுன்னா தெரியப்படுத்தறதுன்னு அகராதியில போட்டிருப்பாங்க. சுத்தப் பொய்ங்க. நமக்குத் தெரிஞ்சுதோ இல்லையோ, சொன்னதா ஆக்கிட்டுக் கையைக் கழுவிக்கிறதுக்குத்தான் அந்தப் பேரு.

அப்பல்லாம் எங்க பக்கம் தண்டோராதான். போட்டவர் என் பெரியப்பா, நைனாவோட கூடப்பிறந்த அண்ணன். ஊர்த் தெருவுல மூலைக்கு மூலை நின்னு பறையடிச்சுச் சொல்லணும். எங்க காலனிக்குள்ள மட்டும் அடிக்கிறதில்ல. அடிக்கிறவனே அங்கதானே இருக்கான், தானா தெரிஞ்சுக்குவாங்கன்னு பெரிய மனுஷங்க நினைப்பு. பெரியப்பாவுக்கோ அந்த வேலையே வெறுப்பு. ஊர்த் தெருவைத் தாண்டினா வாயைத் திறக்க மாட்டார். கேட்டா, "அது அவனுங்க சேதி, உனுக்கின்னாடா?"ன்னு எரிஞ்சு விழுவார். நாங்களும் கேக்கிறதை விட்டுட்டோம். தூரத்துல சத்தம் கேட்டா, ஏரி மீன் ஏலமா இருக்கும்னு நைனா பாட்டுக்குக் களை எடுத்துக்கினு இருப்பார்.

இந்தக் கம்பெனிங்க இருக்கிற தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு நிலம் எடுக்கிற சேதியும் அப்படித்தான் போச்சு. ஆட்சேபம் இருந்தா இன்ன தேதியில தாலுகா ஆபீசுக்கு வரணுமாம். ஊர்க்காரங்க போய்ப் பேசி, சில பேர் நிலத்தைத் தப்ப வச்சுக்கிட்டாங்க. எங்களுக்கு, எங்க அரைக் காணியில கல்லு நட வந்தப்பத்தான் விஷயமே தெரியும்.

நைனா ஆபீசுக்கு ஓடினார். நானும் கூட ஓடினேன்.

"தண்டோரா போட்டாச்சுய்யா" என்றான் அங்கே இருந்த ஆள்.

"எங்க தெருவுல போடலியே சார்."

"யோவ், அடிச்சதே உங்கண்ணன்தானே? ஊட்டுல கேட்டுக்கிறதுக்கு இன்னா?"

சொல்லிட்டுச் சிரிச்சான். அந்தச் சிரிப்பை இன்னிக்கும் நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்.

வீட்டுக்கு வந்து நைனா சண்டை போடல. "அன்னிக்கி இன்னாண்ணா சொன்ன?"ன்னு மட்டும் கேட்டார்.

"நிலத்துப் பேரு இல்லாம சர்வே நம்பர் நம்பரா சொல்லச் சொன்னானுங்க. அது நம்ம கயனின்னு எனுக்குத் தெரியாதேடா தம்பி."

சொன்ன பெரியப்பா உள்ளே போய்ப் பறையை எடுத்து வந்தார். எங்க தெரு நடுவுல நின்னு அடிச்சார். போன மாசமே முடிஞ்சுபோன அந்தத் தேதியை, நம்பரை, ஒண்ணு விடாம அழுதுக்கினே சொன்னார். சனங்க வெளியே வந்து நின்னு பார்த்தாங்க. நைனாதான் போய் அவர் தோள்லேருந்து பறையைக் கழட்டினார். "போதும்ணா, தெரிஞ்சுடுச்சு"ன்னார்.

இப்ப தண்டோராவே கிடையாது. அந்தக் கருமம் ஒழிஞ்சதுல எனக்கு ஒரு சொட்டு வருத்தமில்ல. நைனா இல்ல, பெரியப்பா இல்ல. கழனி இருந்த எடத்துல கம்பெனி லாரிங்க நிக்குது. அதுங்க நடுவுல புகுந்துதான் தெனம் வேலைக்குப் போறேன்.