பூந்தமல்லிக்கு ஒரு வார்த்தையோடு போனேன்

இதில் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். நான் அசடு வழிந்த இடங்களும் வரும்.

1991 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பூந்தமல்லிப் பள்ளி ஒன்றில் பேச்சுப் போட்டி. ஆளுக்கு ஓர் ஆங்கில வார்த்தை. அதன் பொருளையும் பயன்பாட்டையும் தமிழில் மூன்று நிமிடம் விளக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் மட்டும் தேர்வாகியிருந்தேன். சீட்டு எடுத்ததில் எனக்கு வந்த வார்த்தை ‘பிரேக்டவுன்’. அதைவிடப் பெரிய செய்தி, அம்மா என்னைத் தனியாக அனுப்பச் சம்மதித்ததுதான்!

திருமுல்லைவாயிலில் 8.40 ரயில். ஆவடியில் 8.50. அங்கிருந்து பூந்தமல்லி சுமார் பத்து கிலோமீட்டர். 9.10 பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. போட்டி பத்து மணிக்கு, நேரம் தாராளம். பயணத்துக்குச் சான்று வேண்டுமே என்று டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர்சாதத்தில் இரண்டு பருக்கை எடுத்து, டிக்கெட்டை நோட்டில் ஒட்டினேன். அந்தத் தாளின் மறுபக்கத்தில்தான் என் பேச்சு இருந்தது.

பருத்திப்பட்டு தாண்டி, காடுவெட்டி அருகே வண்டி இருமுறை குலுங்கி நின்றது. மணி 9.30.

“பிரேக்டவுன்! அல்லாரும் எறங்கு!” என்றார் நடத்துநர்.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்கோ கைதட்டத் தோன்றியது. என் வார்த்தையை ஒருவர் என் கண்ணெதிரே பயன்படுத்திவிட்டார்!

வண்டி நின்றால், அதே டிக்கெட்டில் அடுத்த வண்டியில் ஏறலாம். நடத்துநர் டிக்கெட்டின் பின்புறம் கையெழுத்துப் போட்டுத் தருவார். என் முறை வந்தது. பின்புறம் நோட்டோடு ஒட்டியிருந்தது.

“இன்னாம்மா இது, டிக்கெட்ட ஒட்டி வெச்சிகீற? ஸ்டாம்பா சேக்குற?”

மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மா குறுக்கிட்டார். “பச்சப் புள்ளகிட்ட இன்னாத்துக்கு வம்பு? ஓரமா போட்டுக் குடு நைனா.” நடத்துநர் தாளின் ஓரத்தில் கையெழுத்திட்டார்.

அடுத்த வண்டி வருவதற்குள் விசாரணையில் இறங்கினேன். அந்த வார்த்தை தெரியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“தெரியாமயா? போன மாசம் எங்கூட்டுக்காரு இடுப்பு பிரேக்டவுனு. ஆறு நாளு படுத்துகினு என்னையே வேல வாங்கினாரு.”

அம்பத்தூர்த் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஓர் அண்ணன் சிரித்தார். “எங்க கம்பெனில மிஷின் பிரேக்டவுன்னா எங்களுக்கு டீ. ஆனா எவ்ளோ நேரம் நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு எழுதணும். நின்னதுக்குத் திட்டமாட்டான். எழுதலன்னா கிழிச்சுருவான்.”

அகராதியில் இவையெல்லாம் இல்லை. ‘ஆயிடுச்சு’ என்று ஒன்றைச் சேர்த்து யாரும் எதையும் பிரேக்டவுன் ஆக்கிவிடலாம் என்பதும் இல்லை.

10.20க்கு அடுத்த பேருந்து வந்தது. புது நடத்துநர் கை நீட்டினார்.

“தாளக் குடும்மா. கையெழுத்து போட்டதெல்லாம் நான் கணக்குல காட்டணும்.”

“அண்ணே, பின்னாடி என் பேச்சு இருக்கு!”

“பேச்சு வாய்ல இருக்கும்மா. சீக்கிரம்!”

புது டிக்கெட் வாங்கலாமென்றால், கையில் வீடு திரும்புவதற்கான காசு மட்டுமே இருந்தது. கிழித்துக் கொடுத்தேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். இறங்கும்வரை டிக்கெட் கையிலேயே இருக்கட்டும். காடுவெட்டியில் நிழல் குறைவு, குடை அவசியம். வண்டி நின்றால் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுங்கள்.

10.45க்குப் பூந்தமல்லி. ஓட்டமும் நடையுமாகப் பள்ளி அரங்கத்தை அடைந்தபோது 10.55. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவராக இருந்த ஆசிரியை கைப்பையை மூடினார்.

“பரிசெல்லாம் கொடுத்தாச்சேம்மா.”

“பரிசு வேண்டாம், மிஸ். பேசிட்டுப் போறேன்.”

அவர் என்னையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கையில் தாள் இல்லை. இடுப்பில் தொடங்கி, மிஷினுக்கு வந்தேன். கதவருகே சாவிக்கொத்தோடு நின்ற காவலாளி, “அது கரெக்டு!” என்றார். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் ஆசிரியை, விதி மாறாமல், மணி அடித்தார்.

“இன்னும் ரெண்டு பிரேக்டவுன் இருக்கு, மிஸ்.”

“சொல்லு,” என்றார்.

காடுவெட்டியில் நின்ற பேருந்தையும், கிழித்துக் கொடுத்த என் தாளையும் சொன்னேன். மொத்தம் ஐந்து நிமிடம். அதன்பிறகே காவலாளி விளக்குகளை அணைத்தார்.