ஆறாவது மூடி

தாம்பரத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் கோச். ஆட்டத்தை வரைந்து காட்ட ஒரு போர்டுகூடக் கல்லூரியில் வாங்கித் தர மாட்டார்கள். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, தண்ணீர் பாட்டில் மூடிகள் ஐந்தை வைத்து ஆட்டத்தை விளக்குவேன். ஆறாவதைக் கட்டத்துக்கு வெளியே வைத்து, "இதான் நான். இங்கேயேதான் இருப்பேன்" என்பேன்.

பிறகு ஒரு பெரிய கல்லூரியில் வேலை கிடைத்தது. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பிள்ளைகளிடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டேன். அழுவார்கள் என்ற பயம். சுத்தக் கோழைத்தனம்.

அடுத்த வருடம் என் புதிய அணி அவர்களோடு மோதியது. அவர்கள் பெஞ்சில் கோச் இல்லை. டைம் அவுட்டில் கேப்டன் ஸ்டெல்லாவே குனிந்து விளக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் சுலபமாக ஜெயித்தோம்.

கை குலுக்க வந்தவளிடம், "சாப்டியா ஸ்டெல்லா?" என்றேன்.

"சாப்ட்டோம் மேடம். கங்கிராட்ஸ்."

'அக்கா, அக்கா' என்று என்னையே சுற்றி வந்த பெண்.

அவர்கள் கிளம்பிய பிறகு அந்தப் பெஞ்ச் பக்கம் போனேன். சாக்பீஸ் கட்டத்துக்குள் ஐந்து மூடிகள் கிடந்தன. வெளியே ஆறாவதும் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

ஊரப்பாக்கத்தில் தனியாகத்தான் இருக்கிறேன். இன்றும் பாட்டிலைத் திறந்தால், குடித்து முடிக்கும்வரை மூடியைக் கீழே வைப்பதில்லை.