குப்பனுக்கு விழுந்த மூன்று தாயம்

எங்கள் ஊரில் பகடையில் ஒன்று விழுந்தால் கூச்சல் போடுவோம். தாயம் ஆடத் தெரிந்த யாருக்கும் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. ஆறும் பன்னிரண்டுமாகப் போட்டுத் தள்ளினாலும், அந்த ஒற்றைப் புள்ளி வராதவரை வெளியே உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகையால் சின்ன மாமா கொடுத்த மூன்று பகடைகளை உருட்டி, மூன்றிலும் ஒன்று விழுந்தபோது, “மூணு தாயம்! மூணு தாயம்!” என்று நான் எழுந்து குதித்ததில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. மெட்ராஸில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் லீவில் அக்காவைப் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கும் மலை அடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்த வழியாக ஓடுகிற இரண்டு பஸ்ஸும் நின்றுவிட்டன. அப்பா முதல் நாளே போர்வையும் துண்டுமாகக் கிளம்பி, எங்கள் ரோடு சேலம் ரோட்டில் போய்ச் சேரும் முக்குக்குப் போயிருந்தார். ஊர் ஆண்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

வீட்டில் எல்லோருடைய கவலையும் அண்ணனைப் பற்றியது. அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். எங்கள் தெருவில் அந்த வகுப்புவரை போன முதல் ஆள். கடலூரில் ஆசிரியர் பயிற்சிக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்திருந்தது. யாரோ சேராமல் விட்டுப்போன ஒரு இடம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அண்ணன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மாமா சோப்பு டப்பாவிலிருந்து பகடைகளை எடுத்தார்.

அது அவருடைய விடுதியில் ஒரு பணக்காரப் பையன் கொண்டுவந்த ஆட்டம். அவனுடைய அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பினானாம். பலகை கிடையாது, காய் கிடையாது. முதலில் நாம் ஆளாளுக்கு ஒரு ஆளைப் படைக்க வேண்டும். அப்புறம் மாமா கதை சொல்லச் சொல்ல அந்த ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்குப் பலம், வேகம், தாங்கும் சக்தி, புத்தி, விவரம், முகராசி என்று ஆறு குணம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டி, விழுந்ததைக் கூட்டி எழுத வேண்டும். அதிகபட்சம் பதினெட்டு. பிறகு மாற்ற முடியாது. மாமா இதையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு தோரணையில் சொன்னார்.

நான் பலத்துக்கு உருட்டினேன். மூன்று தாயம். குதித்து முடிக்கும்வரை மாமா பொறுமையாக இருந்தார்.

“ஏய், குந்து. இதுல ஒண்ணுன்னா கம்மி. மூணும் ஒண்ணுன்னா இதவிடக் கம்மியா விழவே விழாது.”

“தாயம் மாமா.”

“தாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் ஆளால ஒரு சொம்புத் தண்ணி தூக்க முடியாது.”

அதன்பிறகு விழுந்ததும் உருப்படியாக இல்லை. புத்தி ஐந்து. வேகம் ஆறு. முகராசி மட்டும் எட்டு, அதற்கே மாமா கை தட்டினார். அண்ணனுக்கோ உருட்ட உருட்டக் கொட்டியது. பலம் பதினாறு, புத்தி பதினைந்து. அவன் ஆளுக்கு மலையரசன் என்று பேர் வைத்தான். நான் என் தாளைப் பார்த்து அழ ஆரம்பித்தேன். நான்காம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது.

“அழுவாத. ஹாஸ்டல்ல இப்படி வுழுந்தா அந்த ஆளக் கிழிச்சிப் போட்டுட்டு வேற ஆள் போட்டுக்குவோம்” என்றார் மாமா.

“அப்ப இவன் இன்னா ஆவான்?”

“இன்னா ஆவான்? அவன் பொறக்கவேயில்ல, அவ்ளோதான்.”

முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆட்டம் அவளுக்குப் புரியவில்லை, ஆனால் பிழைக்க வழியில்லாத ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மட்டும் புரிந்திருந்தது. “கிழிக்கிறதாவது? குப்பன்னு பேர் வெய்யி. எமன் கண்ணுல படாது” என்றாள். பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒருமுறை புரட்டி எடுத்து அப்படிப் பேர் வைப்பார்கள். வேண்டாம் என்று போட்டதை எமன் எதற்கு எடுக்கப்போகிறான் என்று கணக்கு. அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. என்னையும் புரட்டித்தான் எடுத்தார்களாம். பேர் வைத்த பிள்ளையை அப்புறம் கிழிக்க முடியாது. குப்பன் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. விடிந்ததும் அண்ணன் சைக்கிளைத் துடைத்தான். கடலூரில் அம்மாவின் சித்தி வீடு இருந்தது. ராத்திரிக்குள் மிதித்துப் போய்விடலாம் என்று அவனும் மாமாவும் பேசிக்கொண்டார்கள். துப்பாக்கிச் சூடு என்று எங்கேயோ கேள்விப்பட்டதால் அம்மா விடமாட்டேன் என்றாள். கடைசியில் அப்பாவுக்குச் சோறு கொடுக்கிற சாக்கில் கிளம்புவது, அப்பா சரி என்றால் போவது என்று முடிவானது. தூக்குச்சட்டியோடு என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டான். மாமா இன்னொரு சைக்கிளில் வந்தார். சர்டிபிகேட்டுகளைப் பாலிதீன் பையில் சுற்றி அண்ணன் சட்டைக்குள் வைத்திருந்தான்.

முக்கில் பெரிய புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அந்த மரத்துப் பழத்துக்காக எத்தனை கல் எறிந்திருப்போம்! இப்போது உச்சிக்கிளையே என் இடுப்பு உயரத்தில் கிடந்தது. நான் சட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பிஞ்சுப் பிஞ்சாகப் பறித்துப் பாவாடையில் கட்ட ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலைகள் அதிகம் இல்லை.

அப்பா அடிமரத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, “இன்னாடா, சட்டையில இன்னா?” என்றார்.

“நாளைக்கு இன்டர்வியூப்பா. ஓரமா சைக்கிளத் தூக்கிக்கினு அந்தப் பக்கம் போயிட்றேன்.”

அப்பா சுற்றிலும் பார்த்தார். எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள், பங்காளிகள். யாரும் இவரைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஆனால் பேச்சு நின்றிருந்தது.

“நேத்து ஒருத்தன் பொண்டாட்டியப் பாக்கப் போவணும்னு அழுதான். திருப்பி அனுப்பிச்சேன். இப்ப என் புள்ளைய வுட்டா, அப்பறம் நான் எவனடா நிறுத்துறது?”

“அப்பா, நாளைக்கு வுட்டா அவ்ளோதான்பா.”

“உனுக்காவத்தானடா இங்க வந்து படுத்துக்கினு இருக்கோம்” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “நாடே நின்னுபோய்க் கெடக்குது, இன்டர்வியூவா நடக்கும்? தள்ளி வெப்பாங்க, போ தம்பி” என்றார். அப்பா அந்தப் பேச்சைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். தள்ளி வைப்பார்கள், கட்டாயம் தள்ளி வைப்பார்கள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

மாமா ஏதோ வாதாட ஆரம்பித்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பிவிட்டான். வழியெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து புளியம்பிஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தேன். அவனுக்கும் ஒன்று நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை.

நேர்காணலைத் தள்ளி வைக்கவில்லை. பஸ் ஓடிய முதல் நாளே அப்பாவும் அண்ணனும் கடலூர் போனார்கள். அடுத்த ஆளைச் சேர்த்தாகிவிட்டது என்றார்களாம். அப்பா அங்கே சத்தம் போட்டிருக்கிறார், பிறகு யாருடைய காலையோ பிடித்திருக்கிறார். அதை அண்ணன் எங்களிடம் சொன்னதில்லை. அப்பாவே சாகப்போகிற காலத்தில் சொன்னார். அண்ணன் அந்த வருஷமே உளுந்தூர்பேட்டையில் லாரியில் கிளீனராக ஏறினான். ஒதுக்கீடு பிறகு வந்தது. சில வருஷம் கழித்து அதே கடலூரில், அதே பயிற்சிக்கு, அந்த ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. கொண்டுபோய் விட்டவன் அண்ணன்தான். உள்ளே வா என்று கூப்பிட்டேன். சட்டையெல்லாம் கிரீஸ் என்று சொல்லி வாசல் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமைக் காலையைப் பற்றி.

அம்மா அடுப்படியிலிருந்து கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து அடிக்கப் போகிற நேரம். அண்ணன் தானாகவே வந்து பாயில் உட்கார்ந்து, “ஆடலாம் மாமா” என்றான். பிறகு என் தாளை எடுத்துக்கொண்டு தன் தாளை என்னிடம் தள்ளினான்.

“மலையரசன நீ வெச்சிக்க. எனக்குக் குப்பன் போதும்.”

“ரூல்படி மாத்தக்கூடாது” என்று ஆரம்பித்த மாமா, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பலம் பதினாறு! புத்தி பதினைந்து! எங்கே அண்ணன் மனசு மாறிவிடுவானோ என்று தாளை மடியில் செருகிக்கொண்டேன்.

மாமா கதையைத் தொடங்கினார். கதை நடப்பது எங்கள் கொல்லையிலிருந்து தெரிகிற கல்வராயன் மலையிலேதான். கடுக்காய் மரங்களைத் தாண்டி, அருவிக்கு மேலே ஒரு குகை. உள்ளே ஒரு அரக்கன், அவனுக்குப் பின்னால் மலையின் ஊற்று. மலையரசனும் குப்பனும் ஏறிப் போனார்கள். குகை வாசலில் மாமா, “இப்ப இன்னா பண்றீங்க?” என்று கேட்டார். நான் வாளைத் தீட்டுவதாகச் சொன்னேன்.

“குப்பன் உள்ள போறான்” என்றான் அண்ணன்.

“தனியாவா? டேய், பலம் மூணு.”

“போறான்.”

“அரக்கன் முழிச்சிக்கினான். கதாயுதத்த ஓங்குறான். பகடைய உருட்டுடா, பதினாறு வந்தா தப்பிச்சிக்கலாம்.”

அண்ணன் பகடையைத் தொடவில்லை. மாமா அதை எடுத்து அவன் கையிலேயே வைத்தார். அவன் ஒவ்வொன்றாகச் சோப்பு டப்பாவில் போட்டு மூடினான். “வேணாம் மாமா. செத்துட்டான்னு எழுதிக்க.”

மாமா எழுதவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே அம்மா எதையோ கீழே போட்டாள்.

நான்தான் கத்தினேன். அவன் ஏன் என்னைக் கூப்பிடவில்லை? வாசலிலேயேதான் என் ஆள் நிற்கிறான், கையில் வாள் இருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் உள்ளே பாய்ந்து அரக்கனை இரண்டு துண்டாக்கியிருப்பானே! இப்படியா ஒருத்தன் ஆடுவான்? அண்ணன் என் தலையில் கை வைத்து, “உன் ஆளு உயிரோடதான கீறான்? அது போதும், வுடு” என்றான்.

எனக்கு அது போதவில்லை. நல்ல ஆட்டத்தை வேண்டுமென்றே கெடுத்துவிட்டான் என்று அவனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.