எஸ்தர் மேடத்தின் ஹானர்ஸ் வகுப்பு

செவ்வாய்க்கிழமை முதல் பீரியட். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு லேபில் உப்புப் பகுப்பாய்வு நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலக அட்டெண்டர் வாசலில் வந்து நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எஸ்தர் மேடத்தின் தம்பி போன் செய்ததாகவும், விடிகாலையில் மேடம் தவறிவிட்டதாகவும் சொன்னார். நான் வெளியே வந்தேன். வராந்தாவில் நின்ற துறைத் தலைவருக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. பாவம், நல்ல மனுஷி என்றார். அடுத்த மூச்சில், தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாராகிவிட்டதா என்று கேட்டார்.

மூன்று நாள் கழித்துக் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. எஸ்தர் ஜெயமணி எங்கள் வேதியியல் துறையில் இருபது வருடத்துக்கு மேல் டெமான்ஸ்ட்ரேட்டராக, அதாவது லேபில் செய்முறை சொல்லித்தரும் கடைநிலை ஆசிரியராக இருந்தவர். சேர்ந்த நாளிலிருந்து நோய் வந்து படுத்த நாள் வரைக்கும் அதே பதவிதான். துறைத் தலைவர் மைக்கைப் பிடித்து, அவர் நம் ஹானர்ஸ் திட்டத்துக்கு உதவியாக இருந்தவர், பொறுமையின் வடிவம், கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர் என்று பேசினார். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கும் நீங்கள் இதே கல்லூரியில் அவரை அறிந்தவர்கள். கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் திருத்துங்கள்.

உதவியாக இருந்தவராம். அந்தத் திட்டமே அவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. ஒவ்வொரு துறையிலும் ஆர்வமுள்ள சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பாடத்திட்டத்துக்கு வெளியே கற்பிக்க ஹானர்ஸ் வகுப்பு நடத்தலாம். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில் சிறிய ஆய்வு ஒன்றைச் செய்து அறிக்கை தர வேண்டும். விருப்பமுள்ள ஆசிரியர்கள் பெயர் கொடுக்கலாம். சனிக்கிழமை வேலை, தனிச் சம்பளம் கிடையாது. ஆசிரியர் கூட்டத்தில் பிரின்சிபால் அதை வாசித்து முடித்ததும் யாரும் தலையைத் தூக்கவில்லை. நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் மேடம் மட்டும் எழுந்து, பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேட்டார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையில் விட்டுவிட்டார்கள். ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் ஹானர்ஸ் வகுப்பு எடுக்கலாமா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு ஆள் கிடைக்காதபோது தகுதி என்ற சொல்லே யார் வாயிலும் வராது.

அவர் மார்க் பட்டியலைப் பார்த்து ஆள் எடுக்கவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உங்கள் ஊரில் உனக்குப் புரியாத விஷயம் ஒன்று சொல் என்று கேட்டார். திட்டம் தொடங்கிய மூன்றாம் வருடம், ஆலங்குளத்துப் பக்கமிருந்து வந்த பேச்சியம்மாள் என்ற பெண்ணின் முறை வந்தபோது நானும் லேபில் இருந்தேன்.

"எங்க ஊருல பருப்பு வேகவே மாட்டேங்கு மேடம். ராஜபாளையத்துல எங்க அத்தை வீட்டுல செத்த நேரத்துல வெந்துருது" என்றாள் அவள்.

ஏன் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அவளைச் சேர்த்துக்கொண்டார். அதே வாரம், நிர்வாகத்தில் ஒருவருக்கு வேண்டிய பெண்ணைச் சேர்க்கும்படி வந்த சீட்டைத் திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் முதல் மதிப்பெண் வாங்குபவள். ஆனால் தன் ஊரில் எல்லாமே தனக்குப் புரிகிறது என்று சொன்னவள்.

பேச்சியம்மாள் ஆலங்குளத்திலிருந்தும் சோழபுரத்திலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். பருப்பை வேகவிடாத சுண்ணாம்பு எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அளந்தாள். மேடம் மேசைக்கு எதிரே நிற்க மாட்டார். மாணவர் ஸ்டூலில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவார். விடை மட்டும் சொல்ல மாட்டார். "சரியா வந்திருக்குன்னு சொல்லாத. சரின்னு உனக்கு எப்படித் தெரியும்னு சொல்லு" என்பார். மொத்தம் நாலைந்து வருடம் இப்படி நடத்தினார். அந்த அறிக்கைகள் பல்கலைக்கழகத்தில் பெயர் வாங்கின.

பெயர் வாங்கியதுதான் வினையாகிவிட்டது. ஹானர்ஸ் மாணவருக்கு வழிகாட்டினால் பதவி உயர்வில் கணக்கில் எடுப்பார்கள் என்று புதிய சர்க்குலர் வந்தது. மலையைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் வழிகாட்டிகளாகிவிட்டோம். டெமான்ஸ்ட்ரேட்டர் பெயர் போடக் கூடாது என்று துறைத் தலைவர் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். எழுத்தில் அப்படி ஒரு விதியை நான் இதுவரை பார்த்ததில்லை. மேடத்தைக் கூப்பிட்டு, "நீங்க வழக்கம்போல வேலையைப் பாருங்க, பேர் மட்டும் சார்மாரோடதா இருக்கட்டும்" என்றார். அவரிடமிருந்த நான்கு மாணவர்களை எங்கள் நான்கு பேருக்குப் பங்கு வைத்தார்கள். அதற்கு வேறு நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. பேச்சியம்மாள் என் பங்குக்கு வந்தாள். நான் மறுக்கவில்லை.

மறுநாள் மேடம் அவளுடைய நோட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். மழைக்கு முன்பு எடுத்த அளவையும் பின்பு எடுத்த அளவையும் அவள் தவறுதலாக ஒன்றாகச் சேர்த்துச் சராசரி போட்டிருக்கிறாள் என்று ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"நான் அவகிட்ட சொல்லலை சார். ரெண்டு வாரமா அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்கா. கண்டுபிடிச்சிருவா. நீங்க சொல்லிராதீங்க."

இரண்டு வருட உழைப்பைப் பிடுங்கிக்கொண்ட ஆளிடம் அவர் கேட்டது அந்த ஒன்றுதான். அதைக்கூட நான் காப்பாற்றவில்லை. அறிக்கை அனுப்பத் தேதி நெருங்குகிறது என்று துறைத் தலைவர் விரட்டினார். சிவப்பு மையால் அந்தப் பக்கத்தை அடித்து நானே திருத்திக் கொடுத்தேன். பேச்சியம்மாள் அந்தச் சிவப்பைப் பார்த்தாள். தானும் முந்தின நாள்தான் அங்கே ஏதோ இடிக்கிறது என்று நினைத்ததாகச் சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி மேடத்தின் வீட்டுக்குப் போனாள். மற்ற மூவரும் கூடவே போனார்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், இந்த வேலையைச் செய்ய உனக்கு யாரம்மா வழிகாட்டினார்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கும் துறைத் தலைவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "எஸ்தர் மேடம் சார்" என்றாள் பேச்சியம்மாள். வந்தவர் அறிக்கையின் முதல் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் மேடத்துக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் வீட்டில் வகுப்பு நடத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் எழுதிய பதிலை நான் வாசித்திருக்கிறேன்: "ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். இந்த இரண்டில் எது குற்றம் என்று தெரிவித்தால் அதை மட்டும் நிறுத்திக்கொள்கிறேன்." இதற்குப் பதில் எழுத நிர்வாகத்தில் யாருக்கும் கை வரவில்லை. ஆனால் அந்த வருடத்தோடு லேப் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் அவர் கல்லூரிக்குள் வருவது நின்றது.

கோபம் அறியாதவர் என்றார்கள். சாவியைக் கொடுத்த அன்று, நான் ஆறுதல் என்று நினைத்து, நீங்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறீர்கள் மேடம் என்று சொல்லித் தொலைத்தேன். லேபில் பியூரெட் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "நான் பொறுத்துக்கிட்டேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க சார். எனக்கு அம்புட்டுக் கோவம் இருக்கு. கத்தினா உங்களுக்கெல்லாம் லேசாப் போயிரும். அதான் கத்தலை" என்றார். இறந்தவரிடமிருந்து அந்தக் கோபத்தையும் பிடுங்கிக்கொண்டு, பொறுமைசாலி என்று மாலை போடுகிறார்கள். நமக்கு வசதியான பிணம் வேண்டியிருக்கிறது.

இந்த வருடத் தொடக்கத்தில், அவருக்கு இனி மருந்து இல்லை என்று கேள்விப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். தம்பி நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனார். மேடம் தலையணையில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் போன வாரம் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள் என்று அவரே சொன்னார். நான் திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"எங்கிட்ட கேக்காதீங்க சார். இந்த ரூமுக்குள்ள கேட்டா இங்கயே முடிஞ்சுபோயிரும். எழுதிக் கேளுங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அதன் பிறகு அவர் இரண்டு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். நான் எழுதவில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறதே, துறைத் தலைவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தள்ளிப்போட்டேன். மேடம் உயிரோடு இருக்கும்போது கோழையாக இருந்துவிட்டு இப்போது பேனாவைத் தூக்குகிறேன் என்று நீங்கள் சொன்னால் அது சரிதான்.

இரங்கல் கூட்டம் முடிந்த அன்று மாலை பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதி, ராஜபாளையம் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் போட்டேன். விஷயம் தெரிந்து பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். முடியாது என்றேன். எஸ்தர் மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது "எழுதிக் கேளுங்க" என்ற அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான். அதையாவது விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். மற்ற மூன்று அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். என் கடிதத்தில் உள்ளதை அப்படியே கீழே தருகிறேன். பெயரை மட்டும் மாற்றி நீங்களும் எழுதலாம்.

"பேச்சியம்மாளின் அறிக்கையில் வழிகாட்டி என்று என் பெயர் இருக்கிறது. அது பொய். வழிகாட்டியவர் எஸ்தர் ஜெயமணி. பொய் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்."